எடுத்த சாவியைத் திருப்பி மாட்டவும்

மாலை நாலே கால் மணி. மலைப்பாதை. முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... மழைக்குக் கறுத்துக்கொண்டிருக்கிற வானம்.

இருட்டு இல்லை, கவனியுங்கள். நட்டநடு ராத்திரிக் கதை என்றால் பாதியை நீங்களே கற்பனை செய்துகொள்வீர்கள், எனக்கு வேலை மிச்சம். இது பகலில் நடந்தது. பொடி எழுத்தைப் படிக்கிற அளவுக்கு நல்ல வெளிச்சம். அந்த மனிதரைக் கடைசிவரை அரித்தது அதுதான். இருட்டில் தெரியவில்லை என்று ஒரு சாக்குச் சொல்லக்கூட வழியில்லை.

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். இந்த மடத்து விடுதியில் கம்பளி ஆளுக்கு ஒன்றுதான். மேசை மேல் கிடக்கிற சாவியை யாரும் தொட வேண்டாம். மதியம் நாம் பார்த்த சின்னத் தேவாலயத்தின் சாவி... காலையில் போகிற வழியில் கொடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது யார் என்று கேட்கப் போவதில்லை. கதையைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இது நடந்தது, கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருவனின் அக்கா கணவருக்கு. நண்பன் அவரை மாமா என்பான். மற்றவர்களுக்கு அவர் கையேட்டுக்காரர். ஊர் சுற்றிப் பார்க்கிறவர்களுக்காகச் சின்னச் சின்ன வழிக்கையேடுகள் போடுகிற அச்சகம் ஒன்றில் வேலை. எழுதுகிற வேலை இல்லை. எழுதியது சரிதானா என்று நேரில் போய்ப் பார்க்கிற வேலை. பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக வண்டி ஓட்டுவார். ஆற்றங்கரை மடாலயங்கள், மேட்டு மேல் ஒற்றையாக நிற்கிற கல் தேவாலயங்கள்... எது திறந்திருக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது, பேருந்து திரும்ப இடம் உண்டா, கழிப்பறை உண்டா, சாவி யாரிடம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பென்சிலால் குறிப்பார். மற்றவர்கள் சுவர் ஓவியத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கும்போது இவர் கதவின் அகலத்தை அளந்துகொண்டிருப்பார்.

"உங்களைச் சொர்க்கத்துக்கே அனுப்பினாலும், வாசல்ல நின்னு எத்தனை மணிக்கு மூடுவீங்கன்னுதான் கேப்பீங்க" என்று அக்கா கேலி செய்வாள்.

அந்தப் பயணத்தில் அக்காவும் கூடப் போயிருந்தாள். நாலு நாள் நன்றாகத்தான் போனது. மஞ்சளாகிக்கொண்டிருந்த தோப்புகள், வேலியோரம் ஆட்டு மணிச் சத்தம், வளைவுக்கு வளைவு தலைகாட்டி மறைகிற கோபுரங்கள். கடைசி இரவு ஏரிக்கரையில் இருந்த பெரிய மடாலயத்தில் அறை சொல்லி வைத்திருந்தார்கள். ஆறு மணிக்கு வாசற்கதவு மூடப்படும். ஒரு நிமிடம் பிந்தினாலும் வெளியே படுக்க வேண்டியதுதான். நடுவில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று பாக்கி. கையேட்டில் அதுவரை ஏறாத ஒரு சின்னத் தேவாலயம்.

அதன் சாவி, பாலத்தைத் தாண்டி, அறுபது கல்படி ஏறினால் வருகிற வீட்டில் இருந்தது. அங்கே மொத்தம் மூன்று வீடுகள். இரண்டு மழைக்காலத்துக்காகப் பலகை அடித்து மூடிக் கிடந்தன. மூன்றாவது வீட்டில் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அடுப்பில் பாத்திரம் கொதிக்கிற சத்தம். கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. வாசல் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு சாண் நீளச் சாவி. காற்றில் ஆடி ஆடி உரசியதில், வெள்ளைச் சுவரில் அரைவட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது. எத்தனை வருடமாக ஆடியதோ. பக்கத்தில் கோணல்மாணல் எழுத்தில் ஓர் அட்டை.

'தேவாலயம் பார்க்க வருகிறவர்கள் சாவியை எடுத்துக்கொள்ளலாம். இருப்பது இது ஒன்றுதான், நகல் இல்லை. உங்கள் வீட்டுச் சாவியை இந்த ஆணியில் விட்டுச் செல்லவும். பார்த்து முடித்ததும் எடுத்த சாவியைத் திருப்பி மாட்டவும்.'

அவருக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போனது. சொந்த வீட்டுச் சாவியை விட்டுவிட்டு எவன் ஓடுவான்? சிவப்புக் கயிறு கட்டிய தன் சாவியை ஆணியில் மாட்டினார். நோட்டில் எழுதிக்கொண்டார்: 'ஒரே சாவி. நகல் இல்லை.'

தன் கையால் எழுதினார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயம் பாலத்துக்கு இந்தப் பக்கம், சாலையோரத்திலேயே. மழை வருவதற்குள் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அக்கா வண்டியிலேயே கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டாள். பூட்டு சண்டி. சாவியை விட்டு, லேசாகத் தூக்கி, இடப்பக்கம் திருப்ப வேண்டும். பத்து நிமிடம் மல்லுக்கட்டினார். உள்ளே மெழுகு வாசனை, ஈரக் கல் வாசனை. முகம் மங்கிப்போன சுவர்ச் சித்திரங்கள். ஜன்னல்கள் ஆள் எட்டாத உயரத்தில், கை மட்டும் நுழைகிற அகலத்தில். கோபுரத்தில் மணி இல்லை, பழுது பார்க்கக் கழற்றிப் போயிருந்தார்கள். எல்லாம் நோட்டில் ஏறியது. 'ஜன்னல்: உயரம், ஒடுக்கம், பலகை இல்லை. மணி: இல்லை.' பிறகு கதவைத் திறந்தபடியே விட்டு, பேருந்து திரும்ப இடம் இருக்கிறதா என்று அளக்கப் பின்பக்கம் போனார். ஒரு கால் மணி நேரம்.

திரும்பி வந்தபோது வாசலுக்கு உட்பக்கம் ஒரு வாளி இருந்தது.

தண்ணீர் நிறைந்த தகர வாளி. சோப்பு வாசனை. தரையில் பாதி ஈரம், புதிதாகத் துடைத்த ஈரம்... அவர் முதலில் உள்ளே போனபோது அந்த வாளி அங்கே இல்லை.

அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று பிறகு பல பேரிடம் சொன்னார். ஆனால் பார்த்தார். அப்போதுதான் முதல் துளி நெற்றியில் விழுந்தது. வண்டியிலிருந்து ஹாரன்... இரண்டு தடவை. கை தன்பாட்டில் கதவை இழுத்தது. திறக்கப் பத்து நிமிடம் எடுத்த பூட்டு, மூடும்போது வெண்ணெயாகத் திரும்பியது.

சாவியை உருவினார்.

தட்... தட்.

உள்ளே இருந்து. மெதுவாக. மறுபடியும்... தட்... தட்.

காற்றில் ஜன்னல் பலகை அடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பலகை இல்லை என்று கால் மணி நேரத்துக்கு முன்னால் எழுதிய அதே ஆள். அது விரல் முட்டி மரத்தில் படுகிற சத்தம் என்பது அவருக்குத் தெரியும். அங்கேயே நின்றார். ஒன்று... இரண்டு... மூன்று எண்ணுகிற நேரம். மறுபடி திறக்கப் பத்து நிமிடம் ஆகுமே, மடாலயக் கதவை மூடிவிடுவார்களே, மழை வேறு பிடித்துக்கொண்டதே... அவ்வளவுதான் மனதில் ஓடியது. ஆளைக் கொல்கிற எண்ணம் எதுவும் இல்லை, பாவம். ஈரமாகாமல் போய்ச் சேர வேண்டும் என்கிற எண்ணம் மட்டும்தான்.

ஓடி வந்து வண்டியில் ஏறினார்.

"உள்ள யாராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்ல."

"சாவியை மாட்டணுமே?"

பாலத்துக்கு அப்பால் அறுபது படியும் மழையில் வழுக்கிக்கொண்டு தெரிந்தன. "முகவரி நோட்டுல இருக்கு. நாளைக்குத் தபால்ல அனுப்பிடறேன். நம்ம சாவிக்கு என்ன, உன்னோடது இருக்குல்ல... நகல் போட்டுக்கலாம்."

நமக்கெல்லாம் பழக்கமான பேச்சுத்தான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மடாலயம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. அக்கா நன்றாகத் தூங்கினாள். அவர் தூங்கவில்லை. நாற்காலியில் தொங்கிய கோட்டுப் பையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

காலையில் மடத்து வாயிற்காவலர் சொன்னார், பாலத்துப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது, சரியாகப் பத்து நாளாவது ஆகும் என்று.

"அந்தப் பக்கம்... யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் கையேட்டுக்காரர்.

"மழைக்காலத்துல யாரு இருப்பா? சாவியம்மா மட்டும்தான். கால் கொஞ்சம் சரியில்ல அவங்களுக்கு. ஆனா தினமும் போய்க் கோயிலைத் துடைக்காம இருக்கமாட்டாங்க."

காவலர் மேசையில் தொலைபேசி இருந்தது. கை நீட்டினால் எட்டுகிற தூரம். யாரையாவது மலை வழியாக அனுப்பிப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். வாளியைப் பார்த்தேன், தட்டுவதைக் கேட்டேன், நின்று மூன்று எண்ணினேன்... அதை எப்படிச் சொல்வது? 'நன்றி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். வழியில் முதல் தபால் நிலையத்தில் சாவியைக் கட்டிப் போட்டார். அடைபட்ட பாதையில் தபால் மட்டும் பறந்தா போகும்? அதுவும் அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தார்கள். நாலாவது மாடி. எதிர் வீட்டில் தையல் வேலை செய்கிற ஓர் அம்மாள். சுவருக்கு அந்த வருடம்தான் வெள்ளை அடித்திருந்தார்கள். கையேட்டுக்காரர் நகல் சாவி போட்டுக்கொண்டார், ஆபீஸ் போனார், வந்தார். நாள் மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தார். மூன்று... ஐந்து... எட்டு. பாதை திறந்துவிட்டதா என்று எங்கேயும் கேட்கவும் இல்லை.

ஒன்பதாம் நாள் மாலை. வீட்டில் தனியாக இருந்தார். வாசற்கதவில் சாவி நுழைகிற சத்தம். லேசாகத் தூக்கி... மெல்லத் திரும்பியது. அக்கா வந்துவிட்டாள் என்று எழுந்து போனார். கதவு திறந்திருந்தது. மாடிப்படியில் ஆளே இல்லை.

கடிகாரம் பார்த்தார். நாலே கால்.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும். இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கதவு பூட்டாமல் கிடக்கும். கூடத்தில் பாதித் தரை ஈரமாக இருக்கும். நிலைப்படியிலிருந்து சரியாகப் பாதிவரை, ஒரு கோடு போட்ட மாதிரி. சோப்பு வாசனை. அதற்கு அடியில் மெழுகும் ஈரக் கல்லும்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு நாள் துடைப்பத்தைத் தொட்டதில்ல, இப்ப என்ன திடீர்னு?" என்று சிரித்தாள் அக்கா. "துடைச்சதுதான் துடைச்சீங்க, மீதிப் பாதியையும் துடைக்கக் கூடாதா?"

அவர் சிரிக்கவில்லை. பூட்டை மாற்றினார். புதுப் பூட்டு, புதுச் சாவி. மறுநாள் நாலே காலுக்குப் பழைய சாவி புதுப் பூட்டில் நுழைந்து... லேசாகத் தூக்கி... திரும்பியது.

அந்த வாரக் கடைசியில் கடிதம் வந்தது, தேவாலய அலுவலகத்திலிருந்து. பிரித்துப் படித்தது அக்கா.

'நீங்கள் அனுப்பிய சாவி கிடைத்தது, நன்றி. அது வந்து சேரும் முன்பே கதவை உடைக்க வேண்டியதாகிவிட்டது. சாவியைப் பார்த்துக்கொண்ட அம்மா உள்ளே இருந்தார். நாங்கள் போவதற்கு இரண்டு நாள் முன்புதான் உயிர் போயிருக்கும் என்கிறார் மருத்துவர். பக்கத்தில் ஒரு வாளி இருந்தது, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நீங்கள் தெரியாமல் பூட்டியிருப்பீர்கள். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுச் சாவியைத் திருப்பி அனுப்ப ஆணியில் தேடினோம். ஆணி காலியாக இருந்தது.'

வைது எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த 'தெரியாமல்' தான் அவரைக் குத்தியது.

அக்கா கடிதத்தை மடித்து வைத்தாள். அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தாள். பக்கத்தைத் தேடினாள். 'ஒரே சாவி. நகல் இல்லை.' 'பலகை இல்லை.' 'மணி இல்லை.' அவருடைய சுத்தமான பென்சில் எழுத்து.

"நான் ஹாரன் அடிச்சேன்" என்றாள். நோட்டை மூடிவிட்டு, "அன்னிக்கு நீங்க எதையும் கேக்கலதானே?"

இதுதான் கடைசி வாய்ப்பு. உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்பார்கள், வேறொன்றும் ஆகியிருக்காது.

"ஒண்ணும் கேக்கல."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பையில் நாலு துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. கூடத்தில், கதவைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வரட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தாராம். நாலு மணி... நாலு பத்து...

நாலே கால். படியில் ஒரு காலை இழுத்து இழுத்து ஏறி வருகிற நடை. தகர வாளியின் பிடி கிணுக் கிணுக்கென்றது. கதவுக்கு வெளியே நின்றது. சாவி நுழைந்தது. லேசாகத் தூக்கி...

இந்தத் தடவை மறுபக்கம் திரும்பியது.

வெண்ணெயாகத் திரும்பிப் பூட்டிக்கொண்டது. சாவியை உருவுகிற சத்தம். அவர் பாய்ந்து போய்ப் பூட்டின் குமிழைத் திருகினார். பிடிமானமே இல்லாமல் சுற்றியது. கதவை இழுத்தார், அசையவில்லை. கூப்பிட வாயைத் திறந்தார், குரல் எழவில்லை. கை மட்டும் தன்பாட்டில் எழுந்தது.

தட்... தட்.

வெளியே நகர்வு இல்லை. நிற்கிற மூச்சு கேட்டது. மறுபடியும் தட்டினார். தட்... தட்.

வெளியே நின்றது கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்று... இரண்டு... மூன்று எண்ணுகிற நேரம்.

பிறகு வாளியின் பிடி கிணுக்கென்றது. காலை இழுத்து இழுத்துப் படியிறங்கிப் போனது.

மூன்றாம் நாள், அக்காவுக்கு மருந்துச்சீட்டு வேண்டும் என்று அவள் தம்பி, அதாவது நம் நண்பன், அந்த வீட்டுக்குப் போனான். கைப்பிடியைத் திருகினான், கதவு திறந்துகொண்டது. பூட்டியே இருக்கவில்லை. மாமா கதவுக்கு உட்பக்கம், தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கை விரல் முட்டியும் வீங்கித் தோல் உரிந்திருந்தது. உயிர் இருந்தது. மேசையில் போன், சார்ஜ் போகாமல், அப்படியே.

"போன் பண்ணியிருக்கலாமே மாமா" என்றான் நண்பன், அழுதுகொண்டே.

"பண்ணியிருக்கலாம்" என்றார். "அந்தம்மாகிட்ட போன் இல்லையேப்பா."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். வாளி, முட்டிச் சத்தம், மூன்று எண்ணியது... முதல் தடவையாக. பேச்சுக் கேட்டு எதிர் வீட்டுத் தையல்கார அம்மாள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். மூன்று நாளும் அவர் வீட்டிலேதான் இருந்திருக்கிறார்.

"சத்தம் கேட்டுச்சு தம்பி. ஜன்னல் பலகை காத்துல அடிக்குதுன்னு நெனச்சேன்."

அந்தக் கட்டடத்தில் எல்லாமே கண்ணாடி ஜன்னல்.

நண்பன் மாமாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தான். பூட்டுவதா, திறந்தே விடுவதா என்று திரும்பிப் பார்த்தபோதுதான் அவன் கண்ணில் அது பட்டது. கதவுக்குப் பக்கத்தில், சுவரில், ஒரு துருப்பிடித்த ஆணி. ஆணியில் சிவப்புக் கயிறு கட்டிய வீட்டுச் சாவி. முறையாகத் திருப்பி மாட்டியிருந்தது. அதிலிருந்து இன்னும் சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கூட அவன் பயப்படவில்லையாம். சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் இரண்டடி பின்னால் நகர்ந்தான். அந்த வருடம் வெள்ளை அடித்த சுவரில், அந்தச் சாவி தொங்கிய இடத்தில், ஆடி ஆடி உரசிய ஒரு தடம் இருந்தது. அரைவட்டமாக, விரல் நுனி பதிகிற ஆழத்துக்குத் தேய்ந்து...